பரிகாசம் செய்யாதீர்! பார்த்துக்கொண்டும் நில்லாதீர்!

எங்கள் மக்தப் மதரஸாவில் ஓதும் பிள்ளைகளில் ஒருவனுக்குத் திக்குவாய். ஒருநாள் மாலை அவன் பாடம் ஒப்பிக்கும்போது நாக்குத் தடைப்பட்டு, ஒரே எழுத்தையே நாலைந்து முறை சொன்னான். பின்வரிசையில் இருந்த பையன் ஒருவன் அதைப்போலவே சொல்லிக் காட்டினான். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். கண்டிக்க வேண்டிய என் உதட்டிலும் புன்னகை வந்துவிட்டது. அவன் அதைப் பார்த்துவிட்டான்.

மறுநாள் அவன் ஓத வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தேன். "இனிமேல் ஓதவும் போகமாட்டேன், பள்ளிக்கூடத்துக்கும் போகமாட்டேன்னு அழுகிறான் ஹஜ்ரத்" என்றார் அவன் தாயார். பள்ளிக்கூடத்திலும் இதே கேலிதானாம்.

கேலி செய்தவன் ஒருவன்தான். ஆனால் அந்தப் பிள்ளையை விரட்டியது அவன் மட்டுமா? சிரித்த நாங்கள் அனைவருமே அல்லவா? சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியிருக்க, நாங்கள் அவனுக்குக் கொடுத்த கூலி கண்ணீர்!

திருக்குர்ஆனின் 49-வது அத்தியாயமான ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11-வது வசனத்தில், ஒருவரை ஒருவர் பரிகசிப்பதை அல்லாஹ் தடுக்கிறான். பரிகசிக்கப்படுவோர் பரிகசிப்போரைவிட மேலானவர்களாக இருக்கக்கூடும் என்று காரணமும் காட்டுகிறான். குத்திப் பேசுவதையும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் அதே வசனத்தில் விலக்குகிறான்.

இது கேலி செய்பவனுக்குரிய சட்டம். பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு என்ன சட்டம்? அநீதி செய்பவனாயினும், அநீதிக்கு ஆளானவனாயினும் உன் சகோதரனுக்கு உதவி செய் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அநீதி செய்பவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்டார்கள். அவனை அநீதியிலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கம் தந்தார்கள். இந்த நபிமொழி புகாரியில் உள்ளது. ஆகவே, "போதும், விட்டுவிடு" என்று சொல்லும் பிள்ளை ஒரே சொல்லில் இருவருக்கும் உதவுகிறது.

தனியாக நின்று சொல்லப் பிள்ளைகளுக்குப் பயமாக இருக்கலாம். அதற்கும் நமக்கு முன்மாதிரி உண்டு. நபித்துவத்திற்கு முன், நாயகம் (ஸல்) அவர்கள் ஏறக்குறைய 20 வயது வாலிபராக இருந்த காலம். யமன் நாட்டு வியாபாரி ஒருவரிடம் சரக்கு வாங்கிய மக்காவின் பெரும்புள்ளி ஆஸ் பின் வாயில் பணம் தர மறுத்தான். வெளியூர்க்காரருக்குக் கேட்க நாதியில்லை. அபூ குபைஸ் குன்றின் மீது ஏறி நின்று அவர் முறையிட்டார். குறைஷிகளில் சில குடும்பத்தார் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் வீட்டில் கூடி, அநீதிக்கு ஆளானவர் யாராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். நேரே சென்று அவருடைய உரிமையை வாங்கியும் கொடுத்தார்கள். அதுவே 'ஹில்ஃபுல் ஃபுளூல்'. அதில் கலந்துகொண்ட நாயகம் (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்றார்கள். ஆகவே நம் பிள்ளை துணை நிற்க வேண்டியது நம் மார்க்கத்துப் பிள்ளைக்கு மட்டுமல்ல. எந்த வீட்டுப் பிள்ளைக்கும்தான்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகளுக்கு இவற்றைக் கற்றுக்கொடுங்கள்:

1. பிறர் கேலி செய்யும்போது சிரிக்காதே. சிரிக்க ஆளில்லாத கேலி நிலைக்காது.

2. கேலிக்கு ஆளானவனின் பக்கத்தில் போய் உட்கார், அவனோடு சேர்ந்து சாப்பிடு, சேர்ந்து விளையாடு.

3. இரண்டு மூன்று பேர் சேர்ந்து, "இது தப்பு" என்று சொல்லுங்கள். கை நீட்டாதீர்கள், பதிலுக்கு ஏசாதீர்கள்.

4. அடங்காவிட்டால் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல். இது கோள் சொல்வதாகாது. கோள் என்பது இருவரைப் பிரிக்கச் சொல்வது. இது ஒருவனைக் காக்கச் சொல்வது. அநீதிக்கு ஆளானவர் தம் குறையை வெளியே சொல்ல, திருக்குர்ஆனின் 4-வது அத்தியாயம் 148-வது வசனம் இடமளிக்கிறது.

நம் வீடுகளையும் சற்றுக் கவனிப்போம். 'கட்டையன்', 'கருவாயன்', 'நொண்டி' என்ற சொற்களைப் பிள்ளைகள் முதலில் எங்கே கேட்கின்றன? பக்கத்து வீட்டாரைப் பற்றி நாம் பேசிச் சிரிக்கும் திண்ணையிலும் அடுப்படியிலும் அல்லவா? நம் பிள்ளை கேலிக்கு ஆளாகிறதா என்று கவலைப்படும் நாம், நம் பிள்ளையே கேலி செய்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும்.

அன்று மாலை பிள்ளைகள் முன்னிலையில் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி அல்லாஹ்விடம் வேண்டியதையும், தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகக் கேட்டதையும் சொன்னேன். "அவனுக்கு யார் ஹாரூனைப்போலத் துணை நிற்பீர்கள்?" என்று கேட்டேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு இரண்டு பையன்கள் எழுந்தார்கள். அவர்களில் ஒருவன், அன்று பின்வரிசையிலிருந்து கேலி செய்தவன். மூவருமாக அவன் வீட்டுக்குப் போனோம்.

இப்போது அவன் மீண்டும் ஓதுகிறான். நாக்கு இன்னும் தடைப்படத்தான் செய்கிறது. ஆனால் யாரும் சிரிப்பதில்லை; அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள்.

பலவீனருக்குத் துணை நிற்கும் பிள்ளைகளாக நம் மக்களை ஆக்கி, நம் நாவுகளையும் அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.