அமுக்க விகிதமும் ஆக்டேன் எண்ணும்

பெட்ரோல் இஞ்சினில், பிஸ்டன் கீழ்நிலையில் இருக்கையில் அதன் மேலுள்ள கொள்ளளவை, மேல்நிலையில் எஞ்சும் கொள்ளளவால் வகுத்தால் அமுக்க விகிதம் கிடைக்கும். இவை முறையே 200, 20 கன சென்டிமீட்டர் எனில் விகிதம் 10 ஆகும்.

விகிதம் உயர்ந்தால் வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கு கூடும். எனினும், சுடர் பரவி முடியுமுன் எஞ்சிய கலவை தானே வெடித்துத் தட்டொலி எழக்கூடும். இது நீடித்தால் பிஸ்டன் சேதமுறும். இவ்வெடிப்பைத் தடுக்கும் பெட்ரோலின் திறனைக் குறிப்பதே ஆக்டேன் எண். 2020-இல் பாரத் நிலை 6 தரப்படி சாதாரணப் பெட்ரோலுக்கு இது குறைந்தது 91 ஆக இருந்தது.

சிலிண்டர் ஹெட்டை இழைத்து மேற்கூறிய 20-ஐ 18 ஆக்கினால், 198-ஐ 18 ஆல் வகுக்க, விகிதம் 11 ஆகிறது. முன்னர் ஒத்துவந்த பெட்ரோல் பின்னர் ஒவ்வாமற் போகலாம். கரிப்படிவும் இவ்வாறே இடத்தைக் குறைக்கும். ஆகவே, தட்டொலி கேட்டால் பெட்ரோலைக் குறைகூறுமுன் இவ்விரண்டையும் ஆராய்தல் வேண்டும்.