விடுத்த பயிற்சியை மீளத் தொடங்குதல்

பாரந்தூக்கிப் பழகிய மாணவனொருவன் பரீட்சையை முன்னிட்டு ஆறு மாதம் அதனைக் கைவிடுகின்றான். மீண்டும் தொடங்குங்கால், முன்னர் எந்தப் பாரத்தில் நிறுத்தினானோ அதனையே எடுத்துப் பார்க்கின்றான். உத்தியோகத்தாலும் குடும்பத்தாலும் பல்லாண்டு இடைவிட்ட பழைய மாணவரும் இவ்வாறே செய்யக் காண்கின்றோம். பெரும்பாலும் அப்பாரம் ஒருமுறை இருமுறை எழுந்தும் விடுகின்றது. இடர் விளைவது பாரம் எழாதவிடத்தன்று, எழுந்தவிடத்தேயாம்.

அஃது எழுவதற்குக் காரணம் உண்டு. வலிமை தசையின் பருமனில் மாத்திரம் தங்கியதன்று. தசையிழைகளை ஒருங்கே தொழிற்படுத்தும் வகையை நரம்புத் தொகுதியும் கற்றுக்கொள்கின்றது. தமிழிற் 'பயில்தல்' என்னுஞ் சொல் கற்றலையும் அடுத்தடுத்து நிகழ்தலையும் குறித்தல் இங்கு நோக்கத்தக்கது. அவ்வாறு பயின்றது எளிதில் மறவாது. இரண்டு மூன்று வாரம் ஓய்ந்தவன் வலிமையிற் பெரிதும் குறைவதில்லை. தசையும் தன் வளர்ச்சியின் சுவட்டைப் பேணுகின்றது போலும். 2010 இல் ஒஸ்லோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், சுண்டெலிகளின் தசை பருத்தபோது அதன் இழைகளிற் சேர்ந்த கருக்கள், தசை மெலிந்த பின்னரும் அழியாதிருந்தமையைக் கண்டனர்.

ஆயின், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்கள் தசையைப்போல விரைந்து தேறுவனவல்ல. அன்றியும், பாரத்தை இறக்குங்கால் தசையில் உண்டாகும் நுண்ணிய சிதைவைத் தாங்கும் பழக்கம் நீண்ட இடைவெளியிற் குன்றிவிடும். தூக்கியவன் அன்று மகிழ்கின்றான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்க இயலாது வருந்துகின்றான். நோவு மிகுந்து, சிறுநீர் தேயிலைச் சாயம்போற் கறுக்குமாயின், சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

இவ்விடயத்தில் வழிகாட்டத்தக்கவர் அமெரிக்க இராணுவ வைத்தியர் தோமஸ் டிலோர்ம். இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் காயமுற்றுத் தசை மெலிந்த வீரர்க்குச் சிக்காகோவிலுள்ள இராணுவ மருத்துவமனையொன்றிற் பாரப் பயிற்சி அளித்து, 1945 இல் அம்முறையை வெளியிட்டார். 1948 இல் அவரும் வொற்கின்ஸ் என்பவரும் அதனைச் சுருக்கித் திருத்தினர். 10 முறை மாத்திரம் தூக்கக்கூடிய பாரம் எதுவெனக் கண்டு, அதன் பாதியை 10 முறையும், முக்காற்பங்கை 10 முறையும், இறுதியில் முழுமையையும் 10 முறை தூக்குவித்தலே அம்முறை. அப்பாரம் வாரந்தோறும் புதிதாக அளந்தறியப்பட்டது. காயமுறுமுன் வீரன் எவ்வளவு தூக்கினான் என்னும் வினாவுக்கு அங்கே இடமில்லை. நாம் கொள்ளத்தக்கது இதுவே.

முன்னர் 60 கிலோவைப் 10 முறை தூக்கியவன் இன்று 40 கிலோவையே அவ்வாறு தூக்குவானாயின், அவனுக்குரியவை 20, 30, 40 கிலோக்களேயாம். முதல் வாரத்தில் முன்னிரண்டோடு நிற்றல் நன்று. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். பத்து முறையும் தளராது முடிந்த பின்னரே 2.5 கிலோ ஏற்றுக. நண்பர் பார்த்திருக்கின்றனர் என்பதற்காக ஏற்றற்க. நாற்பதைக் கடந்தோர் இரத்த அழுத்தத்தை முதலில் அளந்துகொள்க. மூச்சையடக்கித் தூக்குதல் அதனைச் சடுதியாக உயர்த்துமாதலின், எழுப்பும்போது மூச்சை வெளிவிடுக. கைவிட்ட காலம் ஒரு மாதத்துக்குட்பட்டதாயின் இத்துணைத் தாமதம் வேண்டியதில்லை; ஓரிரு வாரத்திற் பழைய அளவை எய்தலாம்.