பேராசையும் மாயையும்: ‘மாக்பெத்’ நாடகம் பற்றி ஒரு சிந்தனை

விஞ்ஞானம் பயிலும் ஒருவனுக்கு ஷேக்ஸ்பியரிடம் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். கண்ணால் கண்டதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே எங்கள் ஆய்வுக்கூடத்தின் முதற்பாடம். அதே வினாவை மேடையேற்றிய நாடகம் ‘மாக்பெத்’. ஏறத்தாழ 1606-இல் எழுதப்பெற்று, 1623-இல் முதன்முதலாக அச்சேறிய இது, ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களுள் மிகச் சிறியது. ஆசை மிகுந்தவன் மாயையை உண்மையென்று மயங்கினான் என இதன் கருத்தைச் சுருக்கிச் சொல்வதுண்டு. என் எண்ணம் சற்று வேறு. மாயை எது, உண்மை எது என்பது மாக்பெத்துக்கு முதலில் நன்றாகவே தெரியும். தெரிந்தும் மாயையின் பின்னே போகிறான். போகப் போகத்தான் பிரித்தறியும் ஆற்றல் அவனைக் கைவிடுகிறது.

கதையின் தொடக்கத்தைப் பாருங்கள். போரில் வென்று திரும்பும் ஸ்காட்லாந்துத் தளபதி மாக்பெத்தையும் தோழன் பாங்கோவையும் மூன்று சூனியக்காரிகள் எதிர்ப்படுகின்றனர். மாக்பெத்துக்குக் காடர் பட்டமும் பின்பு அரச பதவியும் கிட்டும் என்கின்றனர். சற்று நேரத்தில் காடர் பட்டம் கிடைத்த செய்தி வருகிறது. மாக்பெத் திகைக்கிறான். நாம் திகைப்பதில்லை. மன்னன் டங்கன் அதை வழங்கியதை முந்திய காட்சியிலேயே பார்த்துவிட்டோமே! செய்தி வழியில் இருந்தது, அவ்வளவுதான். ஒன்று பலித்ததால் மற்றதும் பலிக்கும் என்று அவன் மனம் கணக்குப் போடுகிறது. பாங்கோவோ, சிறிய உண்மைகளைக் காட்டிப் பெருங்கேட்டில் தள்ளுவது தீய சக்திகளின் வழக்கம் என்று எச்சரிக்கிறான். காட்சி ஒன்று, கண்டவர் இருவர், முடிவு இரண்டு.

இரண்டாம் அங்கத்தில் வருவது கட்டாரிக் காட்சி. வரலாற்றில் டங்கன் 1040-இல் போரில் மாண்டவன். நாடகத்திலோ அவன் மாக்பெத்தின் கோட்டையில் விருந்தினனாக உறங்குகிறான். அவனைக் கொல்ல நள்ளிரவில் காத்திருக்கும் மாக்பெத்தின் கண்ணெதிரே ஒரு கட்டாரி தோன்றுகிறது. பிடிக்கப் பார்க்கிறான், கைக்கு அகப்படவில்லை. கண் சொல்வதைக் கையால் சோதிக்கிறான். தன் சொந்தக் கட்டாரியை உருவி, இரண்டையும் ஒப்பிடுகிறான். எந்த விஞ்ஞானியும் இதைவிடச் செம்மையாகச் சோதித்திருக்க முடியாது! தன் கொலை எண்ணம் தீட்டிய உருவமே இது என்ற முடிவுக்கும் வந்துவிடுகிறான். மணி ஒலிக்கிறது. அந்தப் பொய்க் கட்டாரி காட்டிய திசையிலேயே நடக்கிறான். சோதனை சரி, முடிவும் சரி, கால்கள் மட்டும் ஆசையின் வசம். நாடகத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பேன்.

மூன்றாம் அங்கத்தில் அவன் அரசன். அவன் ஆளேவிக் கொன்ற பாங்கோ, விருந்து மண்டபத்தில் அவனுடைய இருக்கையிலேயே வந்து அமர்கிறான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவனுக்கோ விருந்தினர் நிறைந்த சபையிலேயே பேய் தெரிகிறது; வேறு எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. முன்பு கண்ட கட்டாரியைப் போன்றதே இதுவும் என்று மனைவி இடித்துரைக்கிறாள். அவன் ஏற்கவில்லை. பொய்த்தோற்றம் என்று அதை விரட்டும்போதும் நடுங்கியே விரட்டுகிறான். இரத்தக் கறை போகச் சிறிது நீர் போதும் என்று துணிவு சொன்ன அந்த மனைவியே, ஐந்தாம் அங்கத்தில் உறக்கத்தில் நடந்து, இல்லாத கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள்.

பர்னாம் காடு நகர்ந்து வரும்வரை தோல்வியில்லை, பெண் பெற்ற எவனாலும் தீங்கில்லை என்ற வாக்குகளே மாக்பெத்தின் கடைசிப் பற்றுக்கோடு. பகைவர் படையோ, தன் தொகையை மறைக்க மரக்கிளைகளை வெட்டி ஏந்தி வருகிறது, காடு நகர்கிறது. தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்ட மக்டஃபின் கையால் அவன் மடிகிறான். வாக்கு எதுவும் பொய்க்கவில்லை. தனக்கு வேண்டிய பொருளை மட்டுமே அவற்றில் கண்டானே, அதுதான் மாயை.

ஊரையும் வீட்டையும் விட்டு நெடுந்தொலைவு வந்து பயிலும் நம்மை இங்கே கொணர்ந்ததும் ஓர் ஆசைதான். ஆசை குற்றமன்று, அது இல்லையேல் நாம் இரயில் ஏறியே இருக்கமாட்டோம். ஆனால் வரைபடத்தில் ஐந்து புள்ளிகள் நாம் விரும்பிய கோட்டில் அமர்ந்து, ஆறாவது விலகி நிற்கும்போது, அதை அழித்துவிடக் கை துறுதுறுக்கும். அது அங்கே இருப்பது நமக்குத் தெரியும். தெரிந்தே ஒருமுறை அழித்தவன் கண்ணுக்கு, அடுத்த முறை அந்தப் புள்ளி தெரியாமலே போகும்.

நண்பர்களே, இந்நாடகத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். கட்டாரிக் காட்சியில் மட்டும் சற்றே நின்று படியுங்கள்.