ஊர் நூலகத்திற்கு ஏற்ற முதற் கைந்நூல்கள்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆயினும், ஏடுகள் யாவும் அத்தன்மையன அல்ல. கறிக்கு உதவும் ஏடுகளும் உண்டு. அவற்றை இனங்கண்டு வாங்கும் முறையை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நம் மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் 1948 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அதற்கும் முன்னர், 1931 இல், நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களின் கருத்தைத் தழுவி மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்கள் ஊர் ஊராகச் சென்றன. நூல் கிடைக்காத குறை இன்று பெரிதும் நீங்கிவிட்டது. தக்க நூல் எது என்று அறியும் பணியே இப்போது நம் முன் நிற்கிறது.

முதலுதவி, புயற் பாதுகாப்பு, மின் மோட்டார், கைப்பேசி ஆகியவற்றைப் பற்றிய தொடக்க நூலை எடுப்பவர் அத்துறைக்குப் புதியவர். நூலில் பிழை இருந்தால் அதனைக் கண்டறியும் ஆற்றல் அவருக்கு இராது. எனவே அவருக்காகப் பிழை காண வேண்டிய பொறுப்பு, நூலைத் தேர்ந்தெடுக்கும் பஞ்சாயத்து அங்கத்தினர்களையே சார்ந்தது. அதற்குரிய சோதனைகள் ஐந்து.

1. காலம்

நூல் அச்சான ஆண்டை முதலில் நோக்குக. பாம்பு தீண்டினால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டி, கத்தியால் கீறி, இரத்தத்தை உறிஞ்ச வேண்டும் என்று பழைய முதலுதவி நூல்கள் கற்பித்தன. இம்மூன்றையும் இன்றைய மருத்துவம் விலக்குகிறது. இறுக்கிக் கட்டினால் இரத்தவோட்டம் நின்று உறுப்பு அழுகக்கூடும். விரியன் நஞ்சு இரத்தத்தை உறைய விடாதாகையால், கீறிய இடத்தில் இரத்தம் நிற்காமல் பெருகும். உறிஞ்சுவதால் நஞ்சு வெளிவருவதில்லை.

கடியுண்டவரை நடக்க விடாமல் அமைதியாகப் படுக்க வைத்து, மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108 ஊர்தியை அழைத்து, நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்ல வேண்டும். கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ இல்லாமலும் இருக்கலாம். இதனைக் கூறாத நூல், 'வீக்கமில்லை, விடிந்ததும் பார்க்கலாம்' என்று ஒரு குடும்பத்தை வாளாவிருக்கச் செய்துவிடும்.

கைப்பேசி நூல்கள் இன்னும் விரைவில் பழையனவாகின்றன. பண மோசடியைப் புகார் செய்ய 2021 இல் அறிவிக்கப்பட்ட எண் 155260. பின்னர் அது 1930 ஆக மாற்றப்பட்டது. பழைய எண்ணைத் தாங்கிய நூல் உரிய நேரத்தில் கைவிடும்.

2. அளவு

'சிறிது', 'போதுமான அளவு' என்று எழுதும் நூல் புதியவருக்குப் பயன்படாது. வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் செய்யும் முறையை எடுத்துக்கொள்வோம். 1 லிட்டர் சுத்தமான நீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்க்க வேண்டும். உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்காகும்.

கிணற்று நீரைத் தூய்மைப்படுத்துவதும் இத்தகையதே. சாதாரண காலத்தில் 1000 லிட்டருக்குத் தரமான பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் என்பது கணக்கு. 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீராழமும் உள்ள வட்டக் கிணற்றில் ஏறக்குறைய 9,400 லிட்டர் நீர் இருக்கும். அதற்குச் சுமார் 24 கிராம் வேண்டும். தூளைக் கலந்த பின் 1 மணி நேரம் பொறுத்தல் அவசியம். திறந்து வைத்த தூள் வீரியம் இழந்துவிடும் என்பதையும், வெள்ளம் புகுந்த கிணற்றுக்குச் சுகாதார ஆய்வாளரின் யோசனை தேவை என்பதையும் நல்ல நூல் மறவாமல் சொல்லும்.

3. விலக்கு

செய்யத்தக்கவற்றோடு செய்யத்தகாதவற்றையும் நூல் கூறுகிறதா என்று பார்க்க வேண்டும். மின்சாரம் தாக்கியவரை, மின்னோட்டத்தை நிறுத்துமுன் தொடலாகாது. அறுந்து விழுந்த கம்பியை அணுகலாகாது. கைப்பேசியில் பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை இட வேண்டுவதில்லை. பணம் செலுத்துவதற்கே அது தேவை. இந்த ஒரு வரியை அறியாமல் சேமிப்பை இழந்தோர் பலர்.

4. இடம்

பனிப்பொழிவில் வீட்டைக் காக்கும் வழியைப் பல பக்கங்களில் விளக்கும் மொழிபெயர்ப்பு நூல் நாகப்பட்டினத்து உழவருக்கு என்ன பயன் தரும்? 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரணியம் பகுதியில் கரையைக் கடந்து தென்னந்தோப்புகளை வீழ்த்தியது. புயலின் கண் ஓர் ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென ஓயும். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் சீறும். ஓய்ந்தது புயல் என்று வெளியே வருவோர் இடையில் அகப்பட்டுக்கொள்வர். கடற்கரை மாவட்டத்து நூலில் இச்செய்தி இடம்பெற வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077 என்பதும் காணப்பட வேண்டும்.

5. செயல்

கடைசிச் சோதனை நூலகத்திலேயே நடத்தத்தக்கது. பள்ளிச் சிறுமி ஒருத்தி ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கட்டும். அவ்வேலை அறியாத ஒருவர் கேட்டபடியே செய்யட்டும். அறிந்த ஒருவர் அருகிருந்து கவனிக்கட்டும். செய்பவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே நூல் குறையுடையது. ஆனால் மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் முறை போன்றவற்றை நூலால் மட்டும் கற்க இயலாது. தீயணைப்புத் துறையினரையோ சுகாதாரப் பணியாளரையோ அழைத்துப் பயிற்சி பெறுதல் வேண்டும்.

நூலை வாங்கியதோடு கடமை முடிவதில்லை. அக்டோபர் 2 கிராம சபை கூடும் நாள். வடகிழக்குப் பருவமழை நெருங்கும் காலமும் அதுவே. அதற்கு முன்னதாக ஆண்டுதோறும் கைந்நூல்களைப் பரிசீலித்து, மாறிய எண்களைத் திருத்தி, காலங்கடந்த பிரதிகளை அலமாரியிலிருந்து நீக்கிவிட வேண்டும். பழைய நூலை எறிய மனம் வராதுதான். எனினும், இரவில் அவசரமாக அதனைப் புரட்டும் கை அச்சான ஆண்டைப் பார்க்காது.

கலந்துரையாடுவதற்குரிய வினாக்கள்

1. நம் ஊர் நூலகத்திலுள்ள முதலுதவி நூல் எந்த ஆண்டில் அச்சானது? பாம்புக்கடிக்கு அது கூறும் சிகிச்சை யாது?
2. நம் ஊர்க் குடிநீர்க் கிணற்றின் விட்டமும் நீராழமும் எவ்வளவு? அதற்குத் தேவையான பிளீச்சிங் பவுடர் எத்தனை கிராம்?
3. நச்சுமுறி மருந்துள்ள அருகிலுள்ள மருத்துவமனை எது? இரவில் அங்கே செல்ல எவ்வளவு நேரமாகும்?
4. நூலகம் பூட்டியிருக்கும் வேளையில் கைந்நூல் எவரிடம் கிடைக்கும்?