கூடி ஓடுவோம்

'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்' என்னும் பழமொழியைக் கேளாதவர் நம்முள் எவருமிலர். ஆனால் அதன்படி நடப்பவர் எத்தனை பேர்? நமக்கு அறிவுரை குறைவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குப் படுக்கையை விட்டு எழ ஒரு காரணந்தான் இல்லை. அந்தக் காரணத்தைத் தருவது ஓட்டச் சங்கம் என்பதை நான் கண்ட அளவில் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பகுதியில் வாழ்வோர் வாரத்தில் சில நாட்கள், குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் கூடி ஓடுவதே ஓட்டச் சங்கம். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டின் முயற்சியால் 1962இல் ஆக்லாந்து நகரில் நடுத்தர வயதினருக்காக இத்தகைய சங்கம் ஒன்று தோன்றியது. அங்குச் சென்று அதைக் கண்ட அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் மெல்லோட்டத்தைத் தம் நாட்டில் பரப்பினார். நம் நகரில் 'சென்னை ரன்னர்ஸ்' 2006இல் தொடங்கியது. இன்று பல பகுதிகளில் சிறு சிறு குழுக்கள் ஓடுகின்றன. கிண்டியில் அப்படிப்பட்ட ஒரு சிறு குழுவோடு நான் ஓராண்டாக ஓடி வருகிறேன்.

எங்கள் வழி சர்தார் படேல் சாலை. ஒரு புறம் ஆளுநர் மாளிகை, காந்தி மண்டபம், மதிலுக்கு அப்பால் தேசியப் பூங்காவின் மரங்கள். மறுபுறம் தோல் ஆராய்ச்சி நிலையம், அண்ணா பல்கலைக்கழகம். வாகனங்கள் பெருகுமுன் ஓடி முடித்துவிடுகிறோம்.

இதனால் விளையும் நன்மைகளுள் முதலாவது ஒழுங்கு. 'இன்று வேண்டாம்' என்று மனம் சொல்லும்போது, 'அங்கே நமக்காகக் காத்திருப்பார்களே' என்ற எண்ணம் எழுப்பிவிடுகிறது. பிறர் உடன் இருந்தால் முயற்சி மிகும் என்பதை மனநூலாரும் ஆராய்ந்துள்ளனர். மிதிவண்டிப் பந்தயக்காரர் தனியே ஓட்டுவதினும் பிறரோடு ஓட்டும்போது விரைந்து செல்வதை 1898இல் நார்மன் டிரிப்லெட் என்பவர் எடுத்துக்காட்டினார்.

இரண்டாவது, அளவறிதல். இளைஞர் பலர் முதல் வாரமே பாய்ந்து ஓடி, முழங்கால் வலி கண்டு, ஓட்டத்தையே விட்டுவிடுகின்றனர். மூச்சு முட்டாமல் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகமே தொடக்கத்துக்குரிய வேகம். பேசத் துணை இருந்தால் அது தானே அமைகிறது. மேலும் சென்னைக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் உலராததால் உடற்சூடு தணிவதில்லை. தலைசுற்றல் கண்டால் உடனே நிறுத்தி, நிழலில் அமர்த்தி, நீர் தர வேண்டும். தடுமாறுகிறோம் என்பதை நமக்கு முன்பே அறிபவர் பக்கத்தில் ஓடுபவர்தாம்.

மூன்றாவது, பாதுகாப்பு. எங்கள் குழுவில் ஓடும் மாணவி ஒருவரை இருள் பிரியுமுன் தனியே அனுப்ப வீட்டார் இசையவில்லை. அதே தெருவிலிருந்து இரு பெண்மணிகள் சேர்ந்த பிறகே அவருடைய அன்னையார் இசைந்தார். அவருக்குச் சாலையைத் திறந்துவிட்டது சங்கமே.

நான்காவது, பழக்கம். வங்கி அலுவலர், ஆட்டோ ஓட்டுநர், செவிலியர் ஆகியோர் எங்களோடு ஓடுகின்றனர். எவரும் எவரையும் சாதியோ சம்பளமோ கேட்பதில்லை. என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வங்கித் தேர்வுக்கு எப்படி ஆயத்தமாவது என்று கேட்க வீட்டில் யாருமில்லை. அந்த வழியை எனக்கு ஓடியபடியே சொல்லித் தந்தவர் அந்த அலுவலர்.

உடல்நலத்தைச் சொல்ல வேண்டுவதில்லை எனினும் ஒரு கணக்கைச் சொல்வேன். நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென 2023இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. என் தந்தையார் அவர்களுள் ஒருவர்; அவர் இப்போது மருத்துவரைக் கேட்டுக்கொண்டு எங்கள் குழுவின் பின்வரிசையில் நடந்து வருகிறார். வளர்ந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்போ, 75 நிமிடக் கடுமையான உழைப்போ மேற்கொள்ள வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஓடுவோர்க்கு அது மூன்று நாட்கள், நாளொன்றுக்கு 25 நிமிடம், அவ்வளவே.

'இது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு' என்பார் உளர். மாரத்தான் போட்டிகளுக்குக் கட்டணம் உண்டு என்பது மெய்யே. ஆனால் போட்டி வேறு, சங்கம் வேறு. எங்கள் குழுவில் கட்டணம் இல்லை. நல்ல காலணி ஒரு சோடி இருந்தால் போதும்.

நண்பர்களே, நம் கல்லூரியிலும் இப்படி ஒரு குழு அமையலாகாதா? பத்துப் பேர் போதும். ஆசிரியப் பெருமக்களுள் ஒருவர் உடன் வந்தால் இன்னும் நன்று. விதிகள் மிகுதியாக வேண்டா. மிக மெதுவாக ஓடுபவரை விட்டுவிட்டு எவரும் வீடு திரும்பலாகாது என்ற ஒரு விதி இருந்தால், மற்றவை தாமே வந்து சேரும்.