எந்த அறையில் உட்காருவது?

கேள்வி: ஐயா, அமெரிக்காவில் முனைவர் பட்ட ஆய்வு மாணவியாக இருக்கிறேன்; இது மூன்றாம் ஆண்டு. சொந்த ஊர் விருதுநகர் பக்கம். ராமானுஜன் தொட்ட துறைதான் என்னுடையதும்: ஓர் எண்ணைக் கூறுகளாகப் பிரிக்கும் வழிகளை ஆராயும் பார்ட்டிஷன் தியரி. வரும் ஜனவரியில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் பெரிய ஆண்டு மாநாட்டுக்கு முதல்முறையாகப் போகிறேன். பத்து நிமிடம் பேச இடம் கிடைத்திருக்கிறது, அதுவும் கடைசி நாள் பிற்பகலில். நிகழ்ச்சி நிரலைத் திறந்தாலே தலை சுற்றுகிறது. ஒரே நேரத்தில் எத்தனையோ அறைகளில் உரைகள் நடக்கின்றன. சென்ற ஆண்டு ஒரு சின்னக் கருத்தரங்குக்குப் போனேன். ஒவ்வொரு உரையிலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. மதியம் சாப்பாட்டுத் தட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். எதைக் கேட்பது, எதை விடுவது? தனிக் கட்டணம் கட்டிப் பயிலரங்கில் சேரலாமா? என் பேச்சை எப்படி அமைப்பது?
— ஓர் ஆய்வு மாணவி, ஓஹையோ

பதில்: சாப்பாட்டுத் தட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் என் கண் நின்றது. உங்களுடைய மற்ற கேள்விகள் எல்லாம் அதோடு பின்னிக் கிடக்கின்றன. இருந்தாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன்.

ஆயிரக்கணக்கான கணிதக்காரர்கள் கூடும் இடம் அது. நிரலைப் பார்த்து மலைத்துப் போவது இயல்புதான். ஆனால் அங்கே நடக்கும் உரைகள் எல்லாம் ஒரே ரகமில்லை. பெரிய அரங்கில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்கும் அழைப்புரைகள் ஒரு வகை. அடுத்தவை சிறப்பு அமர்வுகள். ஒரு குறிப்பிட்ட தலைப்பில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, தாங்களே பேச்சாளர்களை அழைத்து நடத்துவார்கள். ஒவ்வோர் உரையும் இருபது நிமிடம், அரை மணிக்கு ஒன்று. இடையிலுள்ள பத்து நிமிடம் கேள்விக்கும் அறை மாறுவதற்கும். மூன்றாவது, உங்களுக்குக் கிடைத்திருக்கிற மாதிரிப் பத்து நிமிட உரைகள். இவை போக சுவரொட்டி விளக்கங்கள், பயிலரங்குகள், கலந்துரையாடல்கள், புத்தகக் கண்காட்சி, கணிதம் சார்ந்த ஓவியங்களும் சிற்பங்களும் வைத்த ஒரு கூடம்.

என் யோசனை இதுதான். உங்கள் துறைக்கு மிக நெருக்கமான சிறப்பு அமர்வு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது நடக்கும் அறைக்குக் காலையில் முதல் உரைக்கே போய், கடைசி உரை வரை அங்கேயே உட்காருங்கள். மறுநாளும் அதே அமர்வு தொடர்ந்தால் மறுநாளும் போங்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நான் முதன்முதலில் ஒரு பெரிய மாநாட்டுக்குப் போனபோது நிரலில் முப்பது உரைகளுக்கு மேல் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். அரை மணிக்கு ஓர் அறை, மூன்று மாடி ஏறி இறங்கி. ஊர் திரும்பி நோட்டைப் புரட்டினால் முப்பது தலைப்புகளும் முப்பது அரைகுறைச் சூத்திரங்களும்தான் இருந்தன. என்னைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு மனிதர்கூட அந்தக் கட்டடத்தில் உருவாகியிருக்கவில்லை. அடுத்த முறை ஒரே அறையில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். முதல் நாள் மூன்றாவது உரையில் வந்த ஒரு லெம்மா, மறுநாள் வேறொருவர் உரையில் வேறு உடையில் வந்தது. ஏற்கெனவே பார்த்த முகம் போல அதை அடையாளம் கண்டுகொண்டேன். இடைவேளையில் பக்கத்து நாற்காலிக்காரர் தானாகவே திரும்பி, “நேற்றும் இங்கேதானே இருந்தீர்கள்?” என்று கேட்டார். அவரோடு பின்னாளில் இரண்டு கட்டுரைகள் எழுதினேன்.

இனி, ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடிபடவில்லை என்ற கவலை. அந்த அறையில் இருக்கும் பேராசிரியர்களில் பலருக்கும் அதே நிலைதான் என்றால் நம்புவீர்களா? இருபது நிமிட உரையை முழுவதும் பின்தொடர்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். நல்ல கேட்பாளர் ஓர் உரையிலிருந்து மூன்று விஷயங்களை எடுத்துக்கொண்டு போவார்: இவர் எந்தக் கேள்வியைக் கேட்கிறார், எந்த எடுத்துக்காட்டைக் கையில் வைத்திருக்கிறார், எங்கே முட்டி நிற்கிறார். நிரூபணத்தை அவருடைய கட்டுரையில் படித்துக்கொள்ளலாம். முட்டி நிற்கும் இடம் கட்டுரையில் இருக்காது, பேச்சில்தான் வெளிப்படும். நோட்டில் அதை எழுதுங்கள்.

அழைப்புரைகளை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. நாளுக்கு ஒன்று போதும், உங்கள் துறைக்குத் தொலைவானதாக இருந்தால் இன்னும் நல்லது. இந்தக் கழகம் நடத்தும் கிப்ஸ் சொற்பொழிவு கணிதம் மற்றத் துறைகளோடு உறவாடும் இடங்களைப் பற்றியது. அந்த வரிசையில் 1972 ஜனவரியில் லாஸ் வேகஸில் இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் ஆற்றிய உரையை மாநாட்டுக்குப் போகும் முன் நீங்கள் படித்தே ஆக வேண்டும். தலைப்பு ‘தவறவிட்ட வாய்ப்புகள்’. பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒருவரோடு ஒருவர் பேசாததால் கணிதமும் இயற்பியலும் எதையெல்லாம் இழந்தன என்று வரிசையாகச் சொல்கிறார். அதில் அவருடைய சொந்த இழப்பும் ஒன்று. அது ராமானுஜன் சம்பந்தப்பட்டது.

ராமானுஜனின் டௌ சார்பை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டைசன் ஒரு பொழுதுபோக்காக அதை நோண்டி, அழகான ஒரு சூத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதே போன்ற சூத்திரங்கள் 3, 8, 10, 14, 15, 21, 24 என்று சில எண்களுக்கு மட்டும் வந்தன. ஏன் இந்த எண்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அநேகமாக எல்லாமே எளிய லீ அல்ஜீப்ராக்களின் பரிமாணங்கள். இயற்பியலாளராக அவருக்கு நன்கு பழகிய எண்கள். எண்கணிதம் செய்த டைசனும் இயற்பியல் செய்த டைசனும் தமக்குள் பேசிக்கொள்ளவில்லை. அதே காலத்தில், டைசன் இருந்த அதே பிரின்ஸ்டனில், இயன் மெக்டொனால்ட் என்ற கணிதவியலாளர் லீ அல்ஜீப்ரா வழியாக வந்து அதே சூத்திரங்களை எட்டியிருந்தார். இருவருடைய மகள்களும் பள்ளியில் ஒரே வகுப்பு. பெற்றோர்களாக அவ்வப்போது சந்தித்துக்கொண்டார்கள். தாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்பதை மட்டும் பேசிக்கொள்ளவில்லை. மெக்டொனால்ட் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பிப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது.

இதை டைசன் ஒரு மாநாட்டு மேடையில் நின்று, அத்தனை பேர் முன்னால் சொன்னார். எனக்கு அவர் மேல் உள்ள மரியாதையில் பாதி அதற்காகத்தான்.

அதே 1972-இன் வசந்தத்தில் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்துக்கு ஹியூ மான்ட்கோமரி என்ற இளைஞர் வந்திருந்தார். தேநீர் நேரத்தில் நம் நாட்டு எண்கணித மேதை சர்வதமன் சௌலா, வேண்டாம் வேண்டாம் என்று தயங்கியவரை இழுத்துப் போய் டைசன் முன்னால் நிறுத்தினார். என்ன செய்கிறாய் என்று டைசன் கேட்டார். ஸீட்டா சார்பின் பூச்சியங்களுக்கிடையே உள்ள இடைவெளி பற்றி மான்ட்கோமரி ஒரு சூத்திரத்தைச் சொன்னார். கனமான அணுக்கருக்களின் ஆற்றல் நிலைகளை ஆராயும்போது அதே சூத்திரத்தைத் தாம் பார்த்திருப்பதாக டைசன் சொல்லிவிட்டார். இன்றுவரை அந்த ஒரு கோப்பைத் தேநீரின் தொடர்ச்சியாக ஆய்வுகள் நடக்கின்றன. சௌலாவின் பங்கை நான் பெரிதாக நினைக்கிறேன். கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு சௌலா வேண்டும். உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் மாநாட்டுக்கு வருகிறாரா? வந்தால், எந்த மூன்று பேரிடம் உங்களை அறிமுகப்படுத்த வேண்டும் என்று இப்போதே பெயர் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வராவிட்டால் அந்த அமர்வை நடத்துபவர்களுக்கு நாலு வரி மின்னஞ்சல் போடுங்கள். கேட்பாளராக முழு நாளும் இருக்கப் போகிறேன் என்று எழுதினாலே அவர்கள் மகிழ்வார்கள்.

பயிலரங்கு பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு மென்பொருளையோ ஒரு கற்பித்தல் முறையையோ கையால் செய்து பழக வேண்டுமானால் சேருங்கள். சான்றிதழுக்காக வேண்டாம். இருக்கைகள் குறைவு, அதனால் பதிவை முன்கூட்டியே செய்துவிட வேண்டும். உங்கள் சிறப்பு அமர்வோடு நேரம் மோதினால் பயிலரங்கை விட்டுவிடுங்கள். ஆய்வு மாணவர்களுக்குக் கழகமே பயண உதவித்தொகை தருவதுண்டு, அதையும் விசாரியுங்கள்.

இப்போது உங்கள் பத்து நிமிடம். இதற்குத்தான் நான் அதிகம் மெனக்கெடச் சொல்வேன்.

பெரும்பாலான இளைஞர்கள் ஐம்பது நிமிட உரையைப் பத்து நிமிடத்துக்குள் திணிக்கிறார்கள். வரையறை, வரையறை, லெம்மா, தேற்றம், நன்றி. அதற்குப் பதில் ஒரே ஓர் எடுத்துக்காட்டை முழுதாகச் செய்து காட்டுங்கள். உங்கள் துறையிலேயே அதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 4-ஐ ஐந்து விதமாகப் பிரிக்கலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. எண் 5-ஆல் வகுத்து மீதி 4 தருமானால் அதன் பிரிப்புகளின் எண்ணிக்கை 5-ஆல் வகுபடும் என்று ராமானுஜன் காட்டினார். அப்படியானால் அந்தப் பிரிப்புகளை ஐந்து சம கூட்டங்களாகப் பிரித்து உட்கார வைக்க ஒரு வழி இருக்க வேண்டுமல்லவா? 1944-இல், கேம்பிரிட்ஜ் மாணவர் இதழ் ஒன்றில், இருபது வயது டைசன் வழி சொன்னார். மிகப் பெரிய கூறிலிருந்து கூறுகளின் எண்ணிக்கையைக் கழியுங்கள். மேலே உள்ள ஐந்துக்கும் 3, 1, 0, -1, -3 வரும். 5-ஆல் வகுத்து மீதி பார்த்தால் 3, 1, 0, 4, 2. ஐந்து மீதிகளும் ஆளுக்கொன்று! கரும்பலகையில் இதை எழுத ஒரு நிமிடம் போதும். கேட்பவர் மறுநாள் இதை இன்னொருவருக்குச் சொல்ல முடியும். உங்கள் தேற்றத்துக்கும் இப்படி உள்ளங்கையில் அடங்கும் ஓர் உருவம் இருக்கும். அதைத் தேட ஒரு வாரம் ஆனாலும் தேடுங்கள்.

இதே கழகத்தின் 1903 அக்டோபர் கூட்டத்தில் ஃப்ராங்க் நெல்சன் கோல் பேசிய கதையை எரிக் டெம்பிள் பெல் எழுதி வைத்திருக்கிறார். கோல் பலகைக்குப் போய் 2-இன் 67ஆம் அடுக்கைக் கணக்கிட்டு 1-ஐக் கழித்தார். பலகையின் இன்னொரு பக்கத்தில் 193707721 என்ற எண்ணை 761838257287 என்ற எண்ணால் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்றுதான். ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது. வாயே திறக்காமல் உரையாற்றச் சொல்லவில்லை. சொல்ல ஒரு விஷயம் இருந்தால் நேரம் போதும் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

கடிகாரம் வைத்து உரக்கப் பேசிப் பாருங்கள், எட்டரை நிமிடத்தில் முடிய வேண்டும். ஆங்கிலத்தில் தடுமாறுவேனோ என்று அஞ்சினால் முதல் மூன்று வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். மூன்றாவது வாக்கியத்துக்குப் பிறகு கணிதம் உங்களைக் கைபிடித்துக் கூட்டிப் போகும். கடைசி நாள் பிற்பகல் என்பதால் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். பலர் விமான நிலையத்துக்குக் கிளம்பியிருப்பார்கள். இருக்கிறவர்கள் உங்களைக் கேட்பதற்காகவே இருப்பவர்கள். கடைசித் திரையில் நன்றி என்று போடாமல், உங்களால் நிரூபிக்க முடியாத கேள்வி ஒன்றைப் போட்டு அதையே திரையில் நிற்க விடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். காலை அமர்வில் பேசிய ஒருவரிடம் உணவு இடைவேளைக்குச் சற்று முன் போய், “நீங்கள் காட்டிய இரண்டாவது எடுத்துக்காட்டில் ஒரு சந்தேகம்” என்று ஆரம்பியுங்கள். நடந்துகொண்டே பேசுவீர்கள், நடை சாப்பாட்டு மேசையில் முடியும். பெரும் பெயர்களைத் தேடிப் போக வேண்டாம். உங்களைப் போல மூன்றாம் ஆண்டில் இருப்பவரோடு, நேற்றுப் பட்டம் வாங்கியவரோடு உட்காருங்கள்.

கடைசியாக மீண்டும் டைசனுக்கு வருகிறேன். ராமானுஜன் காட்டிய இந்த வகை வகுபடும் விதிகளில் அவருடைய கழித்தல் வழி 5-க்கும் 7-க்கும் பலித்தது, 11-க்குப் பலிக்கவில்லை. 11-க்கும் பொருந்தும் வேறோர் அளவு இருக்க வேண்டும் என்று ஊகித்து, அது கண்ணில் படுமுன்பே அவர் அதற்குக் கிராங்க் என்று பெயரும் வைத்துவிட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் காணவில்லை. 1987-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராமானுஜன் நூற்றாண்டு மாநாடு நடந்தது. அது முடிந்த மறுநாள், ஜூன் 6 அன்று, அங்கிருந்த ஒரு மாணவர் விடுதியில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸும் அவரிடம் அண்மையில் பட்டம் பெற்றிருந்த ஃப்ராங்க் கார்வனும் சேர்ந்து அதைக் கண்டுபிடித்தார்கள். உரைகள் எல்லாம் முடிந்து, பந்தல் பிரித்த பிறகு.

ஆகவே முடிந்தால் உங்கள் ஊர் திரும்பும் பயணச்சீட்டைக் கடைசி நாள் இரவுக்குப் போடாமல் மறுநாள் மதியத்துக்குப் போடுங்கள். உங்கள் உரை முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடாதீர்கள். அடுத்துப் பேசுகிறவருக்கும் கேட்க ஆள் வேண்டும்.