ஆயுதம் ஓர் அமானிதம்



திருக்குர்ஆனின் 57-ஆவது அத்தியாயத்திற்கு 'அல்ஹதீத்' என்று பெயர். 'இரும்பு' என்பது அதன் பொருள். இரும்பில் கடும் வலிமையும் உண்டு, மக்களுக்குப் பயன்களும் உண்டு என்ற கருத்தை அல்லாஹு தஆலா அதில் அறிவிக்கின்றான். உழவரின் கொழுமுனையும் இரும்புதான். ராஜபாளையத்து நூல் ஆலையில் சுழலும் கதிரும் இரும்புதான். ஓர் உயிரைப் பறிக்கும் துப்பாக்கிக் குழலும் இரும்புதான். ஆகவே, அதை வைத்திருப்பவர் யார், எதற்காக வைத்திருக்கிறார், எந்த ஒழுங்கிற்குக் கட்டுப்படுகிறார் என்பதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

தேவை என்னும் அளவுகோல்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதிகளின் மேற்கே மலையடிவாரத்தில் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் நிறைந்துள்ளன. அவற்றை ஒட்டிய காடு 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாயிற்று. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் அமைந்தது. இரவில் இறங்கிவரும் காட்டுப்பன்றிகள் ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பையே நாசமாக்கிவிடுவதுண்டு. "தோப்புக் காவலுக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?" என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது.

இதற்கு நம்மூர்ப் பெயரைத் தாங்கி நிற்கும் ராஜபாளையம் நாயே ஒரு பாடமாகும். காரணமின்றி நாய் வளர்ப்பவரின் நன்மை நாள்தோறும் குறையும் என எச்சரித்த நபி (ஸல்) அவர்கள், வேட்டை, கால்நடை, விளைநிலம் ஆகியவற்றிற்காக வளர்ப்பதற்கு விலக்களித்தார்கள். பொழுதுபோக்கிற்கும் பெருமைக்கும் அந்த விலக்கு இல்லை. மெய்யான தேவை இருந்தால் அனுமதி. தேவை எந்த அளவோ அனுமதியும் அந்த அளவே என்னும் நெறியை இதிலிருந்து அறிகிறோம்.

நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இதே வழியில்தான் செல்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் எவரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆனால், மெய்யாகவே பயிரைக் காக்க வேண்டியவருக்கு, குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வழங்க அதே சட்டம் இடமளிக்கிறது. லைசென்ஸ் இன்றி வைத்திருப்பவருக்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. துப்பாக்கி லைசென்ஸ் வேறு. விலங்கைக் கொல்லும் அனுமதி வேறு. காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டது. 2025-இல் தமிழக அரசு அனுமதித்தபோதும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்றுதான் அறிவித்தது. திருட்டுத்தனமாக நாட்டுத் துப்பாக்கி செய்து வைப்பதும், பழத்திற்குள் வெடிமருந்து வைத்து அவுட்டுக்காய் போடுவதும், வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும் பன்றியை மட்டும் கொல்வதில்லை. அவ்வழியே நடந்து வரும் கூலியாளின் உயிரையும் அவை குடித்துவிடும். தானும் தீங்குறக் கூடாது, பிறருக்கும் தீங்கிழைக்கக் கூடாது என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்றல்லவா?

நல்லவருக்கும் கட்டுப்பாடு ஏன்?

"குற்றம் மனிதனுடையது, துப்பாக்கியின் மீது பழி போடுவானேன்? நல்லவர்களிடம் இருந்தால் என்ன கெடுதல்?" என்று சிலர் கேட்கின்றனர். ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் உரிமையாக 1791-லேயே அரசியல் சட்டத்தில் சேர்த்துக்கொண்ட அமெரிக்காவில் இந்த வாதம் இன்றளவும் ஓயவில்லை. இதில் ஓர் உண்மையும் உண்டு. தன் பொருளைக் காக்கும் போராட்டத்தில் கொல்லப்படுபவர் ஷஹீத் என்பது நபிமொழி. தற்காப்பு உரிமையை மார்க்கம் மறுக்கவில்லை.

ஆனால், பெருமானார் (ஸல்) அவர்கள் ஆயுதத்திற்கு விதித்த ஒழுங்குகளைப் பாருங்கள். அம்புகளுடன் பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ செல்பவர் அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். உறையிலிருந்து உருவிய வாளை ஒருவர் மற்றவரிடம் கொடுப்பதைத் தடுத்தார்கள். உடன்பிறந்த சகோதரனேயாயினும் அவனை நோக்கி ஆயுதத்தை நீட்டுபவனை மலக்குகள் சபிக்கின்றனர் என்றும், ஷைத்தான் கையை இழுத்துவிடக்கூடும் என்றும் எச்சரித்தார்கள்.

இக்கட்டளைகளை முதன்முதலில் கேட்டவர்கள் யார்? கொலைகாரர்களா? இல்லை. உம்மத்திலேயே சிறந்தவர்களான ஸஹாபாப் பெருமக்கள்! உள்ளம் தூய்மையாயிருந்தாலும் கை தவறலாம், கோபம் வரலாம், குழந்தை எடுத்துவிடலாம். ஆகவேதான் நாயகம் (ஸல்) அவர்கள் உள்ளத்தைத் திருத்தியதோடு நில்லாமல், பொருளுக்கும் கட்டுப்பாடு விதித்தார்கள். "நான் நல்லவன், எனக்கெதற்குச் சட்டம்?" என்று கேட்பவருக்கு இதுவே போதிய பதில்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமையன்று இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் ஷஹீதாக்கப்பட்ட கொடுமையை நாம் மறக்க முடியாது. அந்தக் கொலையாளி துப்பாக்கி லைசென்ஸ் பெற்றவன். லைசென்ஸ் என்ற காகிதம் மட்டும் போதாது, அதை எவருக்குக் கொடுப்பது, எத்தகைய ஆயுதத்திற்குக் கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும் என்று அந்நாடு உணர்ந்தது. ஒரு மாதத்திற்குள்ளாகவே, விரைந்து சுடும் துப்பாக்கி வகைகளில் பெரும்பாலானவற்றைத் தடை செய்தது. அந்நாட்டு மக்கள் மன்றத்தில் அச்சட்டத்தை எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு!

வீட்டார் கவனிக்க வேண்டியவை

லைசென்ஸுடன் துப்பாக்கி வைத்திருக்கும் வீட்டில் தோட்டாவை வேறு இடத்திலும், துப்பாக்கியைப் பூட்டியும் வைக்க வேண்டும். விளையாட்டுக்குக்கூடப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாகாது. திருமண வீட்டில் வானை நோக்கிச் சுடுவதும் இன்று தண்டனைக்குரிய குற்றமே. கேலிக்காகப் பிறரைத் திடுக்கிடச் செய்வதைக்கூட நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை என்பதைப் பெற்றோர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறும் மஸ்அலா ஒன்று உண்டு. லைசென்ஸ் வைத்திருந்த தகப்பனார் மவ்த்தாகிவிட்டால், அந்த லைசென்ஸ் மகனுக்குத் தானாக வந்து சேராது. தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். ஆனால், அதன் விலைமதிப்பு மய்யித்தின் சொத்தில் சேரும். முறைப்படி விற்றால் அந்தப் பணம், கடன் தீர்த்து வஸிய்யத்தை நிறைவேற்றிய பின், ஆண் பெண் வாரிசுகள் அனைவருக்கும் உரியது. "வாப்பாவின் ஞாபகம்" என்று பரணில் ஒளித்து வைப்பவர் சட்டத்தையும் மீறுகிறார். சகோதரிகளின் ஹக்கையும் மறைக்கிறார்.

எவருடைய நாவினாலும் கரத்தினாலும் பிறருக்குத் தீங்கில்லையோ அவரே முஸ்லிம் என்று நாம் கற்றிருக்கிறோம். அந்தக் கரத்தில் ஆயுதம் ஏறும்போது பொறுப்பும் பன்மடங்காகிறது. அண்டை வீட்டார் நம்மைக் குறித்து அச்சமின்றி உறங்கும்படி வாழும் நல்லருளை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.